கரிசல் சேறும் பந்தயச் சைக்கிளும்

கரிசல் மண்ணின் குணம் பட்டணத்து அன்பர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் ஒரு மழை விழுந்துவிட்டாலோ, அதே மண் உப்பிப் பசையாகிவிடும். நாலடி நடப்பதற்குள் செருப்பு செங்கல்லாகக் கனக்கும். பந்தயச் சைக்கிளுக்கு அகல டயர் மாட்டுவதைப் பற்றி நாம் எழுத முன்வந்ததற்கு இந்தச் சேறுதான் காரணம்.

பந்தயச் சைக்கிளுக்கும் பரளச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சென்னையில் உத்தியோகம் பார்க்கும் நம் மைத்துனர், கார் வாங்கியதும் தம் சைக்கிளை நம் தலையில் கட்டிவிட்டார்; அவ்வளவே சம்பந்தம். பள்ளிக்கூடத்துக்குப் போய்வரத் தினமும் பதினாறு கிலோமீட்டர். தார்ச் சாலையில் அது குதிரையேதான். சரளையும் வண்டிப்பாதையும் வந்துவிட்டால் வேறு கதை. 23 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர். அதில் நூறு பவுண்டு காற்று. வழியிலுள்ள ஒவ்வொரு கல்லும் நாற்பதைத் தாண்டிய நம் முதுகெலும்பை நலம் விசாரித்துவிட்டுத்தான் அனுப்பும்.

அகல டயர் மந்தமானது என்ற எண்ணம் பந்தயக்காரர்களிடமே வெகுகாலம் இருந்தது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரைச் செய்தார். மறு ஆண்டே வில்லி ஹ்யூம் என்பவர் அந்தப் பருத்த டயருடன் பந்தயத்தில் இறங்கி வென்றார். அந்தப் பாடம் பிறகு எப்படியோ மறந்துபோய், குச்சி போன்ற டயரே வேகம் என்றாகிவிட்டது. 2010க்குப் பிறகுதான் ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் 23ஐ விட்டு 25க்கும், அப்புறம் 28க்கும் வந்து சேர்ந்தார்கள். கணக்கு எளிது. 23ஐ 28 ஆக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஆகவே எழுபது, எண்பது பவுண்டு காற்றிலேயே ஆளைத் தாங்கும்; கல்லின் அதிர்ச்சியையும் தானே விழுங்கிக்கொள்ளும்.

ஆனால் சைக்கிளின் சட்டம் இடம் கொடுக்க வேண்டுமே! டயர் 5 மில்லிமீட்டர் அகலமானால் பக்கத்துக்கு இரண்டரைதான் கூடும். உயரத்தில் ஏறக்குறைய 5ம் முழுதாக ஏறிவிடும். எனவே முதலில் இடிப்பது பக்கத்தில் அல்ல, தலைக்கு மேலே, பிரேக்கின் அடிவயிற்றில். இன்னொரு சங்கடமும் உண்டு. ஊர்க் கடையில் தொங்கும் 28 அங்குல டயர், 635 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. பந்தயச் சைக்கிளின் 700ஸி ரிம்மோ 622. இரண்டையும் 28 அங்குலம் என்றே சொல்வதுண்டு. ஒன்றுக்கு ஒன்று சேராது.

நம் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் மதுரையிலிருந்து வரவழைத்த 28, 32 இரண்டு அளவையும் கொடுத்தோம். காற்றை இறக்கி, 32ஐ உள்ளே நுழைத்து, மறுபடி பம்ப் அடித்ததில் முன் சக்கரம் சுற்றத்தான் செய்தது. பக்கத்தில் நின்ற நம் பழைய மாணவன் ஒருவன், "சார், எங்கேயும் தொடலை சார்! வேணும்னா போர்க்கை உள்பக்கமா லேசா அரத்தால ராவிடலாம்" என்றான்.

அண்ணாச்சி பதில் பேசவில்லை. வாசலில் மாட்டுவண்டி தடத்திலிருந்து ஒரு கை ஈரக் கரிசலை அள்ளி வந்து டயரில் அப்பிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அரைச் சுற்று, பிரேக்குக்கு அடியில் மண் அடைத்துக்கொண்டது. சக்கரம் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"சார், சக்கரம் மட்டுமா ஓடப்போகுது? ஊரு மண்ணையும்ல கூட்டிக்கிட்டு ஓடணும்" என்றார்.

அதைக் கேட்ட நமக்குப் போன ஐப்பசியில் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் இப்படியே முன் சக்கரம் சிக்கி, ஹாண்டில்பார் மேல் பறந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. பின் சக்கரம் நின்றால் வண்டி இழுபடும். முன் சக்கரம் நின்றால் ஆள் பறப்பார். அரத்தால் ராவும் யோசனையோ அதைவிட விபரீதம். அலுமினியமாயினும் கார்பன் இழையாயினும் போர்க்கின் பலம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

அண்ணாச்சி அளந்த முறையைச் சொல்ல வேண்டும். 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியை எடுத்தார். பிரேக்குக்கு அடியில், போர்க்கின் இருபுறமும், பெடல் அச்சுக்குப் பின்னால் இரு குழாய்கள் நெருங்கும் இடத்தில் எல்லாம் அதை நுழைத்துப் பார்த்தார். இடிக்காமல் போனால் சரி. ஒரு ஸ்போக்ஸ் அறுந்து சக்கரம் கோட்டம் விழுந்தாலும் உரசக்கூடாதல்லவா? டயரில் அச்சிட்ட எண்ணையும் அவர் நம்பவில்லை. அகல ரிம்மில் ஏறிய 28, அளந்தால் 30 இருக்கும் என்றார். 2018இல் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கிடைத்த பின் வந்த சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் தலைக்கு மேல் பிரேக் இல்லை. அவற்றில் பலவற்றில் 32 நுழையும். மைத்துனர் தந்தது அதற்கு முந்தியது.

கடைசியில் முன்னால் 28, பின்னால் 25 என்று முடிவாயிற்று; பின்புறம் 28க்கு ஆலன் சாவி நுழைய மறுத்துவிட்டது. 32 டயர்கள் நம் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவற்றின் விலையைப்பற்றி வீட்டில் எழுந்த விவாதம் இங்கே அவசியமில்லை. சரளையில் இப்போது முதுகு வலிப்பதில்லை. சீமைக் கருவேல முள் மட்டும் எந்த அகலத்தையும் மதிப்பதாகக் காணோம். ஐப்பசி, கார்த்திகை இரு மாதமும் வண்டிப்பாதை வந்ததும் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்கிறோம்; கனம் ஒன்பது கிலோதான்.