நீச்சலும் நிதானமும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று சில நாள் மயங்கினேன். புலமை சான்ற பழைய மாணவர் பலர் இருக்க, யான் எழுதத்தக்கது யாது? ஈற்றில், அரை நூற்றாண்டுக்கு மேலாக என் உள்ளத்தை உறுத்திவரும் ஒரு கடனைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

1971ஆம் ஆண்டு எனக்கு 15 வயது. வல்வெட்டித்துறை தந்த வீரர், ஆழிக்குமரன் என நம்மவர் போற்றும் ஆனந்தன், அவ்வாண்டில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக்கு நீரிணையை நீந்திச் சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். 51 மணி நேரத்துக்கு மேல் அவர் நீரிலிருந்தார். நவரத்தினசாமி 1954இலேயே அந்நீரிணையைக் கடந்து வழிகாட்டியிருந்தார். விடுதி மாணவராகிய எங்களுக்கு உண்ணும்போதும் உறங்கும்போதும் இதே பேச்சு. ஒவ்வொருவனும் தன்னை ஓர் ஆனந்தனாகவே எண்ணிக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை துவிச்சக்கர வண்டிகளிற் கீரிமலைக்குச் சென்றோம். ஒருபுறம் கடல் அலை மோத, அதன் அருகிலேயே நன்னீர் ஊறும் அக்கேணியை அறியாதார் நம்முள் யார்? கேணியில் நில்லாமல் அதிக தடவை போய்வருபவன் யார் என்று போட்டி வைத்தோம். யான் கைகால்களை விளாசிக்கொண்டு முந்திப் பாய்ந்தேன். என் அறைத்தோழன் ஒருவன் மட்டும் ஆறுதலாக, ஓசையின்றி நீந்தி வந்தான். “ஆமை வருகுதடா!” என்று கரைநோக்கிக் கூவி அவனை எள்ளினேன்.

நான்காவது தடவையில் நெஞ்சு அடைத்தது. கைகள் ஈயமாய்க் கனத்தன, கால்கள் தாழ்ந்தன. கூவ வாய் திறந்தேன், நீரே உட்புகுந்தது. அந்நிலையில் ஒரு கை என் அக்குளிற் புகுந்து என்னைத் தூக்கிப் படிக்கட்டிற் சேர்த்தது. அந்த ஆமையின் கைதான். என் காதருகே அவன் சொன்னது இது: “தண்ணியோடை சண்டை பிடிக்காதை மச்சான். மூச்சை உள்ளுக்கை விடு, வெளியிலை எடு.”

ஏனையோர் ஓடிவந்து வினவினர். “காலிலே தசைப்பிடிப்பு” என்றேன். பொய் என்பதை அவன் அறிவான். என்னை ஒரு கணம் நோக்கினான்; ஒன்றும் பேசாது தலை துவட்டிக்கொண்டான்.

நிற்க. 2014இல், 58ஆம் வயதில், குருதியிற் சர்க்கரை மிகுந்ததைக் கண்ட வைத்தியர் என்னை நீந்தச் சொன்னார். கொழும்பில் 25 மீற்றர் நீளமான ஒரு தடாகத்தில் இறங்கினேன். முதல் நாள் இரண்டு நீளத்துடன் சுவரைப் பற்றிக்கொண்டு இளைத்தேன். கீரிமலையிற் செய்த அதே பிழை! அன்றுதான் நண்பனின் சொல்லை முதன்முறையாகச் சிந்தித்தேன்.

நீருக்குள் மூச்சை அடக்கிவைப்பதே இளைப்புக்குப் பெருங்காரணம். உடலிற் சேரும் கரியமில வாயு வெளியேறாதபோதுதான் நெஞ்சு அடைக்கிறது. முகம் நீருள் இருக்கும்போதே மெல்ல ஊதிவிட்டால், தலையைத் திருப்பியதும் புதுக்காற்றை மட்டும் எடுத்தாற் போதும். தலையை உயர்த்தினாலோ கால் தாழும். தாழ்ந்த உடலை இழுப்பது வீண்வேலை. மேலும், நீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகத்தை இருமடங்காக்க முயல்வோன் ஏறத்தாழ நான்மடங்கு தடையை எதிர்கொள்கிறான். யான் கேணியிற் சண்டையிட்டது இந்தக் கணக்கோடுதான்.

ஆகவே முறையை மாற்றினேன். ஒரு நீளம் நீந்தி, அரை நிமிடம் இளைப்பாறி, மீண்டும் ஒரு நீளம், இவ்வாறு எட்டு. இரண்டு வாரத்தின்பின் இரண்டிரண்டாக, பின்னர் நான்கு நான்காக நீந்தினேன். ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என எண்ணிவந்தேன். 28 ஆக இருந்தது மெல்ல 22 ஆயிற்று. ஏழு மாதத்தில் 40 நீளம், அதாவது 1000 மீற்றர், நில்லாமல் நீந்தினேன். ஆயினும் கடிகாரம் என் குறையைக் காட்டிற்று. முதற் பத்து நீளம் 7 நிமிடம். இறுதிப் பத்து 12 நிமிடம். 15 வயதுச் சிறுவன் இன்னும் என்னுள் முந்திப் பாய்ந்துகொண்டிருந்தான்! அவனை அடக்க மேலும் ஓராண்டு சென்றது. இன்று ஒவ்வொரு பத்தும் 9 நிமிடம். முதற் பத்தில், “இது மிகவும் மெதுவன்றோ” என்று தோன்றவேண்டும். தோன்றினால் வேகம் சரி என்று கொள்ளலாம்.

மாணவத் தம்பிமாருக்கு ஒன்று கூறுவேன். தனியே நீந்தாதீர்கள். பாக்கு நீரிணையை வென்ற ஆனந்தனே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் துறந்தார். அத்தகைய வீரருக்கும் அருகே படகு வேண்டியிருந்தது. எனக்கோ ஒரு நண்பன் வேண்டியிருந்தான்.

அந்நண்பன் 1980களின் இடப்பெயர்வில் எங்களைப் பிரிந்து கடல் கடந்து சென்றான். கடிதம் எழுத எண்ணினேன். நாளை எழுதலாம் என்று இருந்தேன். 2019இல் அவன் மறைந்த செய்திதான் வந்தது. நிதானம் வேறு, தாமதம் வேறு என்பதை அன்று அறிந்தேன்.

அன்று கேணிக்கரையில் நின்ற தோழர் சிலர் இம்மலரைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு இதனைச் சொல்லிவிடுகிறேன். அது தசைப்பிடிப்பு அன்று. யான் மூழ்கினேன்; அவன் என்னைக் காப்பாற்றினான்.