போனில் மறைந்த கறுப்பு

பெண்ணைப் பெற்றவளுக்குத்தான் அழகைப் பற்றிய கவலை என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். இப்போது அப்படியில்லை, சகோதரிகளே! பையன்களும் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார்கள். கண்ணாடியாவது உள்ளதைக் காட்டும். கையிலிருக்கும் போனோ இல்லாததையும் காட்டுகிறது. ‘ஃபில்டர்’ என்று ஒன்று. ஒரு தட்டுத் தட்டினால் மாநிறம் சிவப்பாகிறது, பரு மறைகிறது, மூக்கு ஒடுங்குகிறது.

இது ஒன்றும் அடியோடு புதுசு இல்லை. முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரர் நெகடிவில் பென்சிலால் ‘டச்சப்’ செய்து கொடுப்பார். என்னவர் கன்னத்திலிருக்கும் அம்மைத் தழும்பு, எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவில் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றுதான் தழும்பும் கூடவே வந்தது! ஆனால் அந்த டச்சப் ஆயுளுக்கு ஒரு தடவை. இந்தக் காலத்துப் பிள்ளைகளோ தினம் பத்துத் தடவை தங்களைத் திருத்திப் பார்த்துவிட்டு, திருத்தாத முகத்தைப் பார்த்து ஏங்குகிறார்கள்.

என் மூத்தவனுக்கு 25 வயது. திருவண்ணாமலையிலேயே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ஜாதகம் எடுத்த நாளிலிருந்து அவனுக்குப் போட்டோ பைத்தியம். “அம்மா, இந்தப் படத்துல இருக்கிற மாதிரி ஆயிட்டா போதும்மா” என்று ஃபில்டர் போட்ட தன் முகத்தையே காட்டுவான். யாரோ சிநேகிதன் சொன்னான் என்று, ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஒரு ட்யூப் வாங்கிப் பூச ஆரம்பித்தான். மூன்று வாரத்தில் முகம் பளபளவென்று ஆயிற்று. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு மாதத்தில் கன்னமெல்லாம் சிவந்து, பொடிப் பொடியாகப் பரு. வெயிலில் போனால் எரிகிறது என்றான். கையோடு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா ட்யூபை வாங்கிப் பார்த்தார். “இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. சொறி, கரப்பானுக்கு நாங்க கொஞ்ச நாளைக்கு எழுதிக் குடுக்கிற மருந்து. சிவப்பாகிறதுக்குப் பூசினா தோல் மெலிஞ்சு போயிடும், சின்னச் சின்ன ரத்தக் குழாய் வெளியே தெரியும், முகத்துல முடிகூட வளரும். திடீர்னு விட்டாலும் எரியும். நான் பாத்துக்கறேன்” என்றார். இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. ட்யூபின் மேல் பீட்டாமெதசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர் இருந்தால், டாக்டர் எழுதித் தராமல் முகத்தில் தொடவே விடாதீர்கள்.

இதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது. டாக்டரம்மா அவன் சட்டைக் காலரை விலக்கி, பின் கழுத்தைப் பார்த்தார். அங்கே வெல்வெட்டுத் துணி மாதிரி தடித்த கறுப்பு. ஃபில்டர் அதையும் மறைத்துத்தான் காட்டிக்கொண்டிருந்தது!

“இது அழுக்கில்லம்மா. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ச்சாலும் போகாது. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா இப்படி வரும். சர்க்கரை பாத்துடலாம்” என்றார்.

மூன்று மாத சராசரி காட்டும் பரிசோதனையில் 6.1 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை வியாதிக்கு முந்தின நிலையாம். 25 வயதுப் பிள்ளைக்கு! எனக்குக் கை கால் உதறிப் போயிற்று. “பயப்படாதீங்க, இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. எடை குறைஞ்சா கழுத்துக் கறுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்” என்று தைரியம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் போனைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்றார் என்னவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. “கண்ணு, அந்த ஃபில்டர் படத்தைக் கொண்டா. அதுல எதெல்லாம் நம்மால ஆகும், எது ஆகாதுன்னு பாப்போம்” என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முடிவெட்டு, தாடி, கண்ணாடி பிரேம்: இவை பார்பரும் கண்ணாடிக் கடையும் செய்கிற வேலை. வெட்டுவதற்கு முன்னால் எது பொருந்தும் என்று பார்க்கப் போன் நல்ல உதவிதான். குறுந்தாடி அவனுக்கு எடுப்பாக இருந்தது.

கண்ணுக்குக் கீழே கருவளையம்: இரவு ஒரு மணி வரை போன் பார்த்தால் வராமல் என்ன செய்யும்? பத்தரைக்குப் படுக்கை.

வெயில் கறுப்பு: எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தொப்பியும், எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனும் போதும். எலுமிச்சம்பழச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். தோல் வெந்து கறுத்துவிடும்.

மூக்கு: போனை முகத்துக்குக் கிட்டே பிடித்தால் மூக்கு பெரிதாகத்தான் தெரியும். 12 அங்குலத்தில் எடுத்தால், 5 அடியில் எடுப்பதைவிட ஆண்களின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க டாக்டர்கள் 2018-ல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தடி தள்ளி நின்று நானே ஒரு படம் எடுத்துக் காட்டினேன். “அட, தாத்தா மூக்கும்மா!” என்றான். ஆமாம், என் மாமனார் மூக்கு. அதை எதற்கு ஒடுக்க வேண்டும்?

நிறம்: இதற்கு நேராக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டேன். சிவப்புத்தான் அழகு என்று விற்ற கம்பெனியே 2020-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. நமக்கு மட்டும் என்ன வந்தது?

அதன் பிறகு தினமும் விடியற்காலை கிரிவலப் பாதையில் முக்கால் மணி நேர நடை. பௌர்ணமியன்று மட்டும் 14 கிலோமீட்டரும் சுற்றுவான். ராத்திரி பரோட்டா நின்றது. டீக்குச் சர்க்கரை நின்றது. தட்டில் பாதி காய், மீதியில்தான் சோறும் பருப்பும். மாதம் ஒரு தடவை அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே ஐந்தடி தூரத்தில், ஃபில்டர் இல்லாமல் முகத்தையும் பின் கழுத்தையும் படம் எடுத்து வைத்தோம். ஐந்து மாதத்தில் 88 கிலோ 80 ஆயிற்று. 6.1 என்பது 5.6-க்கு வந்தது. கழுத்துக் கறுப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. முகத்துச் சிவப்புதான் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பொறுமை வேண்டும் என்கிறார் டாக்டரம்மா.

உங்கள் வீட்டிலும் போனும் கையுமாக ஒரு பிள்ளை இருக்குமே! திட்டாதீர்கள். எதை மறைக்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கழுத்திலோ அக்குளிலோ அந்த வெல்வெட்டுக் கறுப்பு இருந்தால் சோப்பைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

போன வாரம் போளூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. போட்டோ கேட்டார்கள். டச்சப் இல்லாமல், தாத்தா மூக்கோடு அப்படியே அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வருகிறபோது வரட்டும்.