வாசலில் நின்ற மடிக்கணினி

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், ஒரு பிற்பகல் எமது பணிமனைக்கு அயலில் இடி விழுந்தது. வீட்டுக்கோ ஆட்களுக்கோ எந்தச் சேதமும் இல்லை. ஆனால் தொலைபேசிக் கம்பி வழியே பாய்ந்து வந்த மின்சாரம், சுவரோரம் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த ரவுட்டரைக் கருக்கிவிட்டது. ஒரு பொல்லாத மணம்... அவ்வளவுதான்! கொழும்பு நாளிதழ் ஒன்றுக்காகச் செய்தியும் விளம்பரமும் திரட்டி, பக்கம் அமைத்து அனுப்பும் நான்கு பேர் கொண்ட யாழ்ப்பாணப் பணிமனை ஒரு நொடியில் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது.

வேறொரு காலமென்றால் மறுநாளே புதியதொன்று வாங்கியிருப்போம். அது எந்தக் காலம் என்பதை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாய்க்கு ஏறிய நாட்கள் அவை. கடைக்காரர் கையை விரித்தார். இருந்த ஒன்றிரண்டுக்கும் அவர் சொன்ன விலை எமது மாதச் செலவுக் கணக்குக்குள் அடங்கவில்லை. போதாக்குறைக்கு மின்வெட்டு, மார்ச் 31ஆம் திகதியளவில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களையும் தொட்டது. ரவுட்டர் உயிரோடு இருந்திருந்தாலும் பாதி நாள் உறங்கித்தான் இருந்திருக்கும்.

எம்மிடம் எஞ்சியவை மூன்று மடிக்கணினிகளும், யூ.எஸ்.பி. துளையில் செருகும் ஒரு டொங்கிளும். டொங்கிளில் ஒரு சிம் அட்டை. அதை ஒரு கணினியில் செருகினால் அந்த ஒன்றுக்கு மட்டும் இணையம் கிடைக்கும். மூவரும் முறை வைத்துக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். செய்தி எழுதுபவர் காத்திருக்க, விளம்பரம் பார்ப்பவர் மின்னஞ்சல் இறக்குவார். அவர் முடிக்கும்வரை பக்கம் அமைக்கும் பிள்ளை சும்மா இருப்பாள்.

இரண்டாம் நாள் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ரவுட்டர் என்ற பெட்டியை நாம் கண்டதில்லை. தொலைபேசி மோடம் பொருத்திய கணினியில் ‘இணைய இணைப்பைப் பகிர்தல்’ என்ற வசதியை இயக்குவோம். மற்றக் கணினி அதன் வழியே வெளியே போய்வரும். 1999இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே அந்த வசதி வந்துவிட்டது. கம்பியில்லாமல் இணைக்க விரும்பினால் இரு கணினிகளையும் நேருக்கு நேர் பேசவைக்க வேண்டும். அதற்குப் போட்ட ‘வெப்’ என்ற பூட்டோ பெயருக்குத்தான் பூட்டு. அதை உடைக்கும் வழி 2001இலேயே வெளியாகிவிட்டது. அன்று அரை நாள் எடுத்த அந்த வேலையை, 2016இல் விண்டோஸ் 10க்கு வந்த புதுப்பிப்பு ஒரே பொத்தானாகச் சுருக்கிவிட்டது. ‘மொபைல் ஹொட்ஸ்பொட்’ என்று அதற்குப் பெயர்.

ரவுட்டர் என்பது ஒரு மந்திரப் பெட்டி அல்ல. அது நான்கு வேலைகளைச் செய்கிறது. வெளியுலகுக்கும் வீட்டுக்கும் இடையில் வாசலாக நிற்பது முதலாவது. உள்ளே வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுப்பது இரண்டாவது. வானலையில் பேசுவது மூன்றாவது. கடவுச்சொல் இல்லாதவரை உள்ளே விடாமல் கதவைப் பூட்டுவது நான்காவது. இந்த நான்கையும் செய்யக்கூடிய வன்பொருளும் மென்பொருளும் எனது மடிக்கணினிக்குள் ஏற்கெனவே இருந்தன. கேட்கத்தான் ஆளில்லை!

டொங்கிளை எனது கணினியில் செருகினேன். அமைப்புகளில் வலையமைப்புப் பகுதிக்குச் சென்று, டொங்கிளின் இணைப்பைப் பகிருமாறும் அதை வைஃபை வழியே கொடுக்குமாறும் தெரிவு செய்தேன். வலையமைப்புக்கு ஒரு பெயர்; எட்டு எழுத்துக்குக் குறையாத ஒரு கடவுச்சொல். பொத்தானை நகர்த்தியதும் எனது கணினி 192.168.137.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தது. மற்ற இரண்டு கணினிகளும் அதே வரிசையில் ஆளுக்கொரு முகவரி பெற்றுக்கொண்டன. எட்டுக் கருவிகள்வரை இவ்வாறு இணையலாம். எமக்கு மூன்று போதும்.

சில்லறைச் சிக்கல்கள் இல்லாமலில்லை. பழைய வீட்டின் தடித்த சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்ட மடிக்கணினியின் சிறிய அன்ரனா திணறியது. கணினியை நடு விறாந்தைக்கு மாற்றி, அலைவரிசையை 2.4 கிகாஹேர்ட்ஸில் வைத்ததும் உள்ளறைக்கும் எட்டியது. டொங்கிளுக்கு ஒரு நீட்டுக் கம்பி பூட்டி யன்னலோரம் தொங்கவிட்டோம். கோபுரத்தின் சமிக்ஞை கூடியது. கைத்தொலைபேசியாலும் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் நிருபர்கள் அழைக்கும் தொலைபேசியின் மின்கலத்தை அதற்குக் கொடுக்க எமக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் முற்பகுதியில் ஒரு மாலை. மின்சாரம் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றி நின்ற நாட்கள். அவருடைய அத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர், அன்று அதிகாலை காலமாகிவிட்டார். மறுநாள் பத்து மணிக்குக் கிரியை. மகன் கனடாவிலிருந்து படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

மரண அறிவித்தல் என்பது எமது வாசகர்களுக்கு வெறும் விளம்பரமல்ல. தலைப்புச் செய்தியைப் பார்க்குமுன் அந்தப் பக்கத்தைப் புரட்டும் ஆயிரம் பேரை நான் அறிவேன். அறிவித்தல் வராவிட்டால் அறியாமல் போவார்கள். அறியாமல் போனவர்கள் பின்னர் ஆயுள் முழுவதும் மனத்தாங்கலோடு இருப்பார்கள். ஒரு மனிதருக்குச் செய்யவேண்டிய கடைசி மரியாதை, இரவு ஒன்பது மணிக்குள் எமது பக்கம் கொழும்பு அச்சகத்தைச் சென்றடைவதில் தங்கியிருந்தது.

படம் வந்தது. பிள்ளை பக்கத்தை முடித்து அனுப்பத் தொடங்கும்போது எட்டரை. மின்வெட்டு நேரத்தில் ஊரே கைத்தொலைபேசியை நம்பியிருந்ததால் வேகம் ஆமையாக இருந்தது. எழுபது வீதம், எழுபத்தைந்து வீதம் என்று ஏறிக்கொண்டிருந்தது. மெழுகுதிரி அணையப் போவதைக் கண்டு, இன்னொன்று எடுத்துவர எழுந்தேன். எழும்போது, நீண்டகாலப் பழக்கத்தில், எனது மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டேன்!

“ஐயா, லைன் போட்டுது!” என்று உள்ளறையிலிருந்து குரல் கேட்டது.

மூடியதும் கணினி உறங்கிவிட்டது. வாசல் உறங்கினால் வீடு முழுவதும் இருட்டு. மூடியைத் திறந்தால் மட்டும் போதாது. டொங்கிள் மீண்டும் கோபுரத்தைத் தேடவேண்டும், ஹொட்ஸ்பொட்டை மீண்டும் கையால் இயக்கவேண்டும், பக்கத்தை முதலிலிருந்து அனுப்பவேண்டும். எனது மின்கலத்தில் 19 வீதமே மீதம். பெரியவர் ஒன்றும் பேசாமல் வாசற்படியில் அமர்ந்திருந்தார். அந்த மௌனத்தை விட அவர் இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம்.

“பொறு பிள்ளை, படத்தின்ர அளவைக் குறைச்சு அனுப்பு” என்றேன். திரை வெளிச்சத்தை ஆகக் குறைத்தேன். வேறெல்லா வேலைகளையும் மூடினேன். மற்றக் கணினியை இணைப்பிலிருந்து விலக்கினேன். இந்த முறை நான் அசையவில்லை. ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் பக்கம் போய்ச் சேர்ந்தது. கொழும்பிலிருந்து ‘கிடைத்தது’ என்ற ஒற்றைச் சொல் வந்தபோது எனது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

அன்றிரவே கணினியின் மின்சக்தி அமைப்புக்குப் போய், ‘மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யாதே’ என்று மாற்றினேன். இணைந்திருப்பவர் எவரும் இல்லாதபோது ஹொட்ஸ்பொட் தானாக அணைந்துவிடும் ஏற்பாட்டையும் நிறுத்தினேன். முதல்நாளே செய்திருக்கவேண்டியவை. வேலை செய்கிறதே என்ற மகிழ்ச்சியில் மேற்கொண்டு யோசிக்கவில்லை. பிழை கணினியுடையதல்ல, என்னுடையது.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் இந்த ஊரில் மின்சாரமே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பத்திரிகைத் தாள் வராதபோது கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சானது. அதனால் பெட்டி இல்லாமல் வலையமைப்பு அமைத்ததை ஒரு சாதனையாக நான் நினைக்கவில்லை. நான் கற்றது வேறு. பெட்டியை இழக்கலாம், அதன் வேலையை ஒருவர் ஏற்றாகவேண்டும். ஏற்றவர் மற்றவர்கள் முடிக்கும்வரை எழுந்து போக முடியாது. இரவு ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை வீடு போகாத எனக்கு இது தெரிந்திருக்கவேண்டிய பாடம். ஒரு மூடியைச் சாத்தியபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

மூன்று நாட்களின் பின் பெரியவர் மீண்டும் சைக்கிளில் வந்தார். விளம்பரக் கணக்கைத் தீர்த்துவிட்டு, “பேப்பரைப் பாத்துத்தான் சனம் வந்தது ஐயா. படிச்ச பெடியள் கன தூரத்தில இருந்து உழக்கிக்கொண்டு வந்தவங்கள்” என்றார். நான் மூடியைச் சாத்திய கதையை அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

இப்போது பணிமனையில் புதிய ரவுட்டர் இருக்கிறது. அதற்கென ஒரு சிறு மின்கலமும் வாங்கிவிட்டோம். ஆயினும் மாதம் ஒருமுறை அதை அணைத்துவிட்டு, டொங்கிளையும் மடிக்கணினியையும் கொண்டு ஒரு மணித்தியாலம் வேலை செய்து பார்க்கிறோம். சிறு பணிமனை வைத்திருக்கும் அன்பர்களும், தேவை வருமுன் ஒருமுறை செய்து பாருங்கள். மூடியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!