ஒரு குடம் தண்ணீர்

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், அடுக்களையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாடசாலையால் வந்த என் பேத்தி என் அருகில் வந்து அமர்ந்தாள். அவளுடைய பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடைபெறப் போகிறது. அவளும் வேட்பாளர்; முதலாம் வகுப்பு முதல் அவளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கும் தோழியும் வேட்பாளர்.

“அம்மம்மா, அவளைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும். மேடையில் ஒன்றைச் சொன்னாலே போதும், நான் வென்றுவிடுவேன்” என்றாள்.

கீரை ஆய்ந்த என் கை நின்றுவிட்டது. இதுவரை எவருக்கும் சொல்லாத கதையொன்றை அன்று அவளுக்குச் சொன்னேன்.

1972ஆம் ஆண்டு. நான் யாழ்ப்பாண நகரிலுள்ள மகளிர் கல்லூரியொன்றில் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர் மன்றச் செயலாளர் பதவிக்கு நானும் என் உயிர்த்தோழியும் போட்டியிட்டோம். நாட்டுத் தேர்தல் போலவே எல்லாம் நடந்தன. ஆசிரியை ஒருவர் தெரிவத்தாட்சி அலுவலரானார். வர்ணத்தாள் ஒட்டிய பிஸ்கட் தகரம் வாக்குப் பெட்டியாயிற்று. தேர்தலுக்கு முன் எங்கள் அதிபர் ஒரு சிற்றுரை ஆற்றினார். 1931ஆம் ஆண்டு இந்நாட்டிலே ஆண்களோடு பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்ததையும், வாக்களிக்கும் வயது 1959ஆம் ஆண்டு 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டதையும் அவர் எடுத்துரைத்தார். “விரைவில் நீங்களும் புள்ளடி இடுவீர்கள். அதை இங்கேயே நேர்மையாகப் பழகிக்கொள்ளுங்கள்” என்றார். அந்த நேர்மையை நான் பழகிய விதத்தைக் கேளுங்கள்.

என் தோழியின் ஊர் புங்குடுதீவு. நல்ல தண்ணீருக்கு அங்கே எக்காலமும் தட்டுப்பாடு. அவளுடைய தாயார் நோயாளி. ஆதலால் அவள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தொலைவிலுள்ள நன்னீர்க் கிணற்றுக்கு இருமுறை நடந்து குடம் சுமந்து வருவாள். கிணற்றடியிற் கூட்டம் மிகுந்தால் முதல் பஸ் தவறிவிடும். அடுத்த பஸ்ஸில் ஏறித் தாம்போதிகளைக் கடந்து அவள் வந்து சேரும்போது கல்லூரி மணி அடித்திருக்கும். இந்தக் காரணத்தை அவள் என்னிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். பிறர் இரங்குவதை அவள் விரும்பியதில்லை.

தேர்தற் கூட்டத்திலே நான் முதலிற் பேசினேன். “செயலாளரின் முதற் கடமை நேரந் தவறாமை. மணி அடித்தபின் படலையைத் தாண்டி ஓடிவரும் ஒருவர், கூட்டத்தைக் குறித்த நேரத்துக்கு எவ்வாறு தொடங்குவார்?” என்று கேட்டேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பு எனக்கு இனித்தது.

அடுத்து அவள் எழுந்தாள். என்னைப் பற்றிச் சொல்ல அவளிடமும் ஒன்று இருந்தது. முந்திய ஆண்டு நான் பரிசு பெற்ற கட்டுரையிலே பாதி அவள் திருத்தித் தந்தது. அதை நாங்கள் இருவர் மாத்திரமே அறிவோம். அவள் அதைத் தொடவில்லை. “என் தோழி கூறியது உண்மை. நான் பிந்தித்தான் வருகிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தூர இடங்களிலிருந்து வருவோருக்காக நூலகத்தைச் சனிக்கிழமைகளிலும் திறந்து வைப்பது பற்றிப் பேசினாள்.

9 வாக்குகளால் நான் வென்றேன். அவள் வந்து என் கையைப் பற்றி வாழ்த்தினாள்.

அதன்பின் அவள் என்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. பாடங்களைப் பற்றிப் பேசினாள். வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். இதனைத் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டிலே சொல்லிவிட்டு, அவளோடு பஸ் ஏறிப் புங்குடுதீவுக்குச் சென்றேன். மறுநாள் விடியற்காலை அவள் குடத்தை எடுத்தபோது நானும் ஒன்றை எடுத்தேன். கிணற்றடியில் எங்களுக்கு முன் பலர் காத்திருந்தனர். இடுப்பிற் குடத்துடன் திரும்புகையிலே பாதித் தண்ணீர் தளும்பி என் பாவாடையை நனைத்தது. அவளோ ஒரு துளியும் சிந்தாமல் நடந்தாள்.

“நான் செய்தது பிழை” என்றேன்.

சிறிது தூரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “நீர் பொய் சொல்லவில்லை. ஆனால், அதை நான் உமக்கு மட்டும் அல்லவா சொல்லியிருந்தேன்?” என்றாள்.

மன்றக் கூட்டங்களைக் காலையிலிருந்து மதிய இடைவேளைக்கு மாற்றினேன். சனிக்கிழமை நூலகத்துக்காக அதிபரிடம் இருவருமாகச் சென்று அனுமதி பெற்றோம். எனினும், அவள் மீண்டும் தன் தாயாரைப் பற்றி என்னிடம் வாய்திறக்க மூன்று மாதங்கள் சென்றன. இன்று அவள் கனடாவில் வாழ்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பாள்.

போட்டி நட்புக்குப் பகையன்று. 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் விருப்பு வாக்கு முறை வந்தபின், ஒரே கட்சிப் பட்டியலில் நிற்பவர்களும் தம்முள்ளே போட்டியிட வேண்டியவராயினர். ஒருவர் தம் கொள்கையையும் திறமையையும் சொல்லி வாக்குக் கேட்பதிலே குற்றமில்லை. நட்பின் பேரால் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை எடுத்து வாக்குக்கு விற்பதுதான் குற்றம். அது உண்மையாயிருப்பினும் குற்றமே.

பேத்தி நெடுநேரம் மௌனமாயிருந்தாள். “வென்றதற்கு நீங்கள் மகிழவில்லையா, அம்மம்மா?” என்று கேட்டாள்.

“ஒரு மாலைப்பொழுது மகிழ்ந்தேன், பிள்ளை” என்றேன்.

தேர்தலுக்கு இன்னும் சில நாட்கள் உள்ளன. இதை எழுதும் இவ்வேளையில் என் பேத்தியும் அவளுடைய தோழியும் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து தத்தம் சுவரொட்டிகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வர்ணப் பெட்டி ஒன்றுதான்; இருவரும் மாறி மாறித் தூரிகையைத் தோய்க்கிறார்கள்.