கழித்தலும் வகுத்தலும்

கணக்கு கசக்கும் என்பர் தோழியர் சிலர். எனக்கோ அது இனிக்கிறது, காரணம் சொல்கிறேன்.

1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதித்தனர். சுமார் 2 லட்சம் சிறுவருக்குத் தடுப்பு மருந்து. இன்னொரு 2 லட்சம் பேருக்கு மருந்தில்லா ஊசி. லட்சத்திற்கு, முன்னவருள் 28 பேருக்கும் பின்னவருள் 71 பேருக்கும் போலியோ கண்டது.

கழித்தால் 43. லட்சத்தில் இது அற்பமாகத் தோன்றும். வகுத்தாலோ இரண்டரை மடங்கு! எது சரி? இரண்டுமே சரி. வகுத்தல் மருந்தின் வலிமையைச் சொல்கிறது. கழித்தல் தப்பிய பிள்ளைகளை எண்ணித் தருகிறது. கோடிப் பிள்ளைகளில் 4,300 பேர்! போலியோவால் கால் சூம்பிய என் பெரியம்மாவை அறிந்த எனக்கு அது அற்பமன்று.

தோழியரே, 'எத்தனை மடங்கு?' என்று கேட்கும்போதே, 'எத்தனை பேரில்?' என்றும் கேட்போமாக!