ஓய்வு பெற்றவனுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக்

நான் ரஜினி ரசிகன். அறுபத்தாறு வயதில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரி நாட்களில், 1978-ல், 'பைரவி'யையும் 'முள்ளும் மலரும்' படத்தையும் ஒரே வருடத்தில் பார்த்தவனுக்கு வேறு வழியில்லை. என் கூட்டாளி ஒருவன் கமல் கட்சி. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. இப்போது டீக்கடையில் நின்றுகொண்டு போடாமல், நடைப்பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து போடுகிறோம், அவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் தியேட்டர்களை மூடினார்கள் அல்லவா, அதோடு எனக்கும் சினிமாவுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. கடந்த மூன்று நான்கு வருடங்களில் பெரிய படங்கள் பலவற்றையும் தியேட்டரிலேயே பார்த்துவிட்டேன். டிக்கெட் எடுப்பது மகனின் செல்போன். துணைக்கு வருவது சில நாள் மனைவி, சில நாள் பேரன், சில நாள் அந்தக் கமல் கட்சிக்காரன். அப்படிப் பார்த்ததில் மனதில் பட்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

இந்தப் படங்களில் வரும் பெரிய ஹீரோக்கள் பலர் ஓய்வு பெற்றவர்கள், இல்லையென்றால் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர்கள். நம் ஆட்கள்.

முதலில் 'விக்ரம்'. 2022 ஜூன் மாதம் வந்தது. 1986-ல் வந்த பழைய 'விக்ரம்' படத்தில் சுஜாதாவின் எழுத்தில் கமல் உளவாளியாக ஓடியாடியபோது அவருக்கு முப்பத்தோரு வயது. லோகேஷ் கனகராஜின் படத்தில் அதே பெயர், வயது அறுபத்தேழு, மகனைப் பறிகொடுத்தவர், கையில் ஒரு பேரக்குழந்தை. அந்தக் குழந்தைக்குச் சத்தம் ஆகாது. திரையில் சத்தம் ஆகாத குழந்தை. திரைக்கு எதிரே சத்தம் ஆகாத கிழவன் நான். அனிருத்தின் முரசு ஒவ்வொரு முறை அதிரும்போதும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். கமல் கட்சிக்காரன் இதைக் கவனித்துவிட்டு, "என்னடா, எங்காளு நடந்து வந்தாலே உனக்கு நெஞ்சு அடைக்குதா?" என்றான்.

அந்தப் படத்தில் தியேட்டரே எழுந்து கைதட்டிய இடம் கமலுக்கு அல்ல. வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அம்மாள் ஒருவர், அடியாட்கள் உள்ளே புகுந்ததும் ஏஜெண்ட் டீனாவாக மாறி அடிப்பாரே, அங்கேதான். 'குணா', 'மகாநதி' படங்களை இயக்கிய சந்தானபாரதியும் அந்தப் படையில் ஒருவர். மொத்தத்தில் ஒரு பென்ஷனர் சங்கமே துப்பாக்கி எடுத்த மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கையில் கல்லூரிப் பையன்கள். அவர்களும் எழுந்து விசில் அடித்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அடுத்த வருடம், 2023 ஆகஸ்ட் 10, 'ஜெயிலர்'. நெல்சன் இயக்கம். ரஜினிக்கு எழுபத்திரண்டு வயது. படத்தின் முதல் அரைமணி நேரம் எங்கள் வீட்டில் கேமரா வைத்து எடுத்ததோ என்று சந்தேகமாக இருந்தது. ஓய்வு பெற்ற முத்துவேல் பாண்டியன் வீட்டில் அமைதியாக வளைய வருகிறார், பேரனோடு சேர்ந்து யூடியூபுக்கு வீடியோ எடுக்கிறார், மனைவி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார். மனைவியாக ரம்யா கிருஷ்ணன். 'படையப்பா' நீலாம்பரிக்கு முன்னால் ரஜினி வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு இடைவேளைக்கு முன் அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சி. வீட்டுக்குள் ரவுடிகள் புகுந்து மிரட்டுகிறார்கள். முத்துவேல் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. வெளியே மறைந்திருக்கும் ஆட்கள் ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். மூட்டுவலிக்காரன் நான். உட்கார்ந்தபடியே ஜெயிக்கும் ஒரு ஹீரோவைப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த திருப்தியை என்னவென்று சொல்ல! அதற்கப்புறம் திகார் சிறை ஃப்ளாஷ்பேக். இந்தச் சாதுவான தாத்தா ஒரு காலத்தில் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. தியேட்டர் கூரை பிய்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் பேரன் கேட்டான்: "தாத்தா, ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி நீங்க என்னவா இருந்தீங்க?"

"கருவூலத்துல கணக்கர்டா."

"அவ்ளோதானா?"

அவன் குற்றமாகக் கேட்கவில்லை. எட்டு வயதுப் பையன். படத்தைப் பார்த்துவிட்டு, தன் தாத்தாவிடமும் ஒரு ரகசியம் இருக்கும் என்று ஆசையோடு கேட்டான். ஆனால் அந்த "அவ்ளோதானா" இரண்டு மூன்று நாள் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். இந்தப் படங்கள் நமக்குக் கொடுப்பது உண்மையில் என்ன மரியாதை? பேரனோடு விளையாடும் தாத்தாவுக்காக யாரும் விசில் அடிக்கவில்லை. அவர் கத்தியை எடுத்த பிறகுதான் அடித்தார்கள். முதல் அரைமணி நேரத்துச் சாதுத்தனம், பிறகு வரப்போகும் வெட்டுக்கு ஒரு ஏற்பாடு. மறைத்துவைத்த வீரம் ஒன்று இருந்தால்தான் கிழவன் மனிதன். இல்லாவிட்டால் "அவ்ளோதானா".

இன்னொன்றும் உறுத்தியது. 'ஜெயிலர்' முடிவில் போலீஸ் அதிகாரியான மகனே தவறு செய்தவன் என்று தெரிந்து, அப்பாவின் கண் முன்னாலேயே அவன் சாகிறான். நம் தலைமுறைக்கு இந்தக் கதை புதிதல்ல. 1974-ல் வந்த 'தங்கப்பதக்கம்' படத்தில் எஸ்.பி. சௌத்ரி கடமைக்காகத் தன் மகனையே சுடுவார். கடமைக்கும் பாசத்துக்கும் நடுவில் அந்தக் குடும்பம் படும் பாடுதான் அங்கே மொத்தப் படமும். சிவாஜி முகத்தையும் கே.ஆர். விஜயா முகத்தையும் பார்த்துப் பார்த்து அழுதோம். 'ஜெயிலர்' படத்திலும் ரஜினி முகத்தில் அந்த வலி தெரிகிறது. எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதோடு கூட உட்கார்ந்து அழ நேரம் கொடுக்கவில்லை. சிவராஜ்குமார், மோகன்லால் என்று வந்து நின்றவர்களுக்கு அடித்த விசில் ஓய்வதற்குள் படம் முடிந்துவிட்டது. பெற்ற மகன் செத்துப்போன வீட்டிலிருந்து வெளியே வருகிற கூட்டம் மாதிரி இல்லை, திருவிழா முடிந்து வருகிற கூட்டம் மாதிரி இருந்தோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

2024-ல் வேறொரு வேடிக்கை. 'கோட்' படத்தில் விஜய்யைக் கணினி கொண்டு இளைஞராக்கினார்கள். அதே படத்தில் மறைந்த விஜயகாந்தின் முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார்கள். மதுரைக்காரர் ஆயிற்றே, எங்கள் ஊர்த் தியேட்டரில் கத்திய கத்தலைக் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் "கேப்டன்!" என்று ஒரே ஒரு முறை சொன்னார். குரல் உடைந்துவிட்டது. அதற்கு எட்டு மாதம் முன்புதான், 2023 டிசம்பர் 28-ல், அவர் போயிருந்தார். 'நெற்றிக்கண்' எடுத்த 1981-ல் முப்பது வயது ரஜினிக்கு நரை பூசி அப்பாவாக்கினார்கள். இன்று நரைத்தவரின் சுருக்கத்தைக் கணினியில் தேய்த்து எடுக்கிறார்கள்.

'கூலி' 2025 ஆகஸ்ட் 14 அன்று வந்தது. 'அபூர்வ ராகங்கள்' வந்து ஐம்பது வருடம் நிறைகிற நேரம். தணிக்கையில் 'ஏ' சான்றிதழ். பேரனை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவனுக்கு ஒரே அழுகை. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது சண்டைகள் அல்ல. பழைய நண்பன் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு தேவா துக்க வீட்டுக்குப் போகிறாரே, அந்த இடம். நண்பன் சத்யராஜ். 1986-ல் 'மிஸ்டர் பாரத்' படத்தில் ரஜினிக்கு அப்பாவாக நடித்தவர். இத்தனை வருடம் கழித்து இருவரும் நண்பர்களாக, அதில் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள். நம் வயதில் காலை ஆறு மணிக்கு வரும் போன் பெரும்பாலும் இந்தச் செய்திதானே! மாலை வாங்கிக்கொண்டு போய், யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கனம் ரஜினி முகத்தில் இருந்தது. அதிலேயே ஒரு படம் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நண்பனின் சாவு கொலையாக மாறி, கதை வேறு பக்கம் ஓடிவிட்டது. நமக்கெல்லாம் நண்பர்கள் வெறுமனே மாரடைப்பில்தான் போகிறார்கள். பழிவாங்க ஆள் கிடைப்பதில்லை.

'முள்ளும் மலரும்' காளிக்கு ஃப்ளாஷ்பேக் ஒன்றும் கிடையாது. விஞ்ச் ஓட்டுகிறவன், முரடன், தங்கை மேல் உயிர். விபத்தில் ஒரு கையை இழக்கிறான். கடைசியில் தனக்குப் பிடிக்காத மனிதனுக்கே, பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, தங்கையைக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான். அந்தக் காளிக்கு 1978-ல் நாங்கள் கைதட்டினோம். மகேந்திரன் நம்பினார், நாங்களும் நம்பினோம். அப்படி ஒரு கிழவனை ரஜினி இன்று செய்தால் எப்படி இருக்கும் என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது.

முடியாத காரியம் இல்லை. 2024-ல் 'மெய்யழகன்' வந்தது. பிரேம்குமார் படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூரை விட்டுப் போன அரவிந்த்சாமி, ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அவர் மேல் உயிரையே வைத்திருக்கும் கார்த்தி. ஆனால் கார்த்தியின் பெயர் இவருக்கு ஞாபகம் இல்லை. ராத்திரி முழுக்கப் பேச்சு. என்றோ விட்டுப்போன ஒரு சைக்கிள் ஒரு குடும்பத்தை வாழவைத்த கதை. அதில் மாமாவாக வரும் ராஜ்கிரணிடம் ரகசியமோ துப்பாக்கியோ எதுவும் இல்லை, பாசம் மட்டும்தான். நீளமாக இருக்கிறது என்று சொல்லி, வெளிவந்த பிறகு பதினெட்டு நிமிடங்களைக் குறைத்தார்கள். நான் போன அன்று அரங்கில் பாதி காலி. ஆனால் வந்திருந்த பலர் விளக்கு போட்ட பிறகும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

பேரனிடம் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். ஆசிரியர் ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும். ஒரு தாளில் 'மீனாட்சி', இன்னொரு தாளில் 'மீனாட்சியம்மாள்'. இந்த 'அம்மாள்' காரணமாக ஏழு மாதம் பணம் நின்றுவிட்டது. அந்த அம்மா தினமும் பஸ் ஏறி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். நான் மூன்று அலுவலகங்களுக்கு நானே நடந்து, கையெழுத்து வாங்கி, அடுத்த மாதம் முதல் தேதி பணம் வரும்படி செய்தேன். அவ்வளவுதான் கதை.

பேரன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "துப்பாக்கி இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சே! கருவூலத்துல ஸ்ட்ராங் ரூம்னு ஒண்ணு இருக்கும். அது வாசல்ல போலீஸ்காரர் துப்பாக்கியோட ராவும் பகலும் நிப்பாரு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாட்டி என்ன வாங்கினாங்க அந்தக் காசுல?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். நான் அதுவரை யோசித்ததே இல்லாத கேள்வி.

'ஜெயிலர்' இரண்டாம் பாகம் எடுப்பதாக அறிவித்திருக்கிறார்கள். வந்ததும் போவேன், கைதட்டுவேன். ஐம்பது வருடப் பழக்கம், விடாது. இந்த முறை காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சும் எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.