சால்வடோரில் ஒரு வடையும் ஒரு போட்டோவும்

பிரேசில் போயிட்டு வந்தேன்னு சொன்னாலே எல்லாரும் ரியோவைப் பத்தித்தான் கேக்கறாங்க. மலை மேல கை விரிச்சு நிக்கற ஏசுநாதரைப் பார்த்தியா, கோபகபானாவுல குளிச்சியான்னு. இல்லீங்க. 2018 நவம்பர்ல நானும் தங்கமணியும் போனது சால்வடோர். வடகிழக்குக் கடலோரம், பாயியா மாநிலத்தோட தலைநகர். 1549லேர்ந்து 1763 வரைக்கும் போர்ச்சுகீசியர்களுக்கு பிரேசிலோட தலைநகரமே இதுதான். ரியோவுக்கு அந்தப் பதவி அப்புறம்தான் வந்தது.

ஊரே ரெண்டு அடுக்கு. கீழ துறைமுகம், செங்குத்தான மேட்டு மேல பழைய நகரம். ரெண்டையும் சேர்க்க எலிவேட்டர் லாசெர்டான்னு 72 மீட்டர் உயரத்துல ஒரு லிஃப்ட், 1873லேர்ந்து இருக்கு. உள்ள போனா வெளிய ஒண்ணுமே தெரியாது, நம்ம ஆபீஸ் லிஃப்ட் மாதிரி மூடின பெட்டி. அரை நிமிஷத்துல மேல வந்து திரும்பிப் பார்த்தாத்தான் விரிகுடா மொத்தமும் நீலமா விரிஞ்சு கிடக்குது.

அங்கயே ஒருத்தர் ஓடி வந்து தங்கமணி கையில ரிப்பன் கட்ட ஆரம்பிச்சுட்டார். சென்யோர் தோ போன்ஃபிங் கோயில் ரிப்பன். மூணு முடிச்சு, மூணு வேண்டுதல், தானா அறுந்து விழற வரைக்கும் கழட்டக் கூடாது. "ஃப்ரீ, ஃப்ரீ"ன்னு சொல்லித்தான் கட்டினார். மூணாவது முடிச்சு போட்டதும் கையை நீட்டினார். நம்ம ஊர் கோயில் வாசல்ல இதையெல்லாம் பார்க்காதவங்களா நாம? இருந்தும் ஏமாந்தாச்சு.

அங்கேருந்து நடந்தா பெலோரின்யோ. யுனெஸ்கோ 1985ல பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த இடம். கல்லு பாவின சரிவான தெரு, மஞ்சள், ரோஸ், ஊதான்னு கலர் கலரா வீடுங்க. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் காலண்டர் படம்தான். மைக்கேல் ஜாக்சன் 1996ல ஒலோதுங் மேளக்காரங்களோட ஆடி வீடியோ எடுத்தாரே, அதுல பாதி இங்கதான். நான் ஸ்கூல் படிக்கறப்போ டிவியில பார்த்துட்டு வீட்டுக் கண்ணாடி முன்னால ஆடினவன். விடுவேனா? முக்கோண மைதானத்து நடுவுல நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல சேர்த்துத் தூக்கி, பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு போஸ். தங்கமணி எடுத்த போட்டோக்கள்லயே அதுதான் பெஸ்ட்.

பக்கத்துல ஒரு அம்மா வெள்ளை லேஸ் பாவாடை, தலைப்பாகை, கழுத்து நிறைய பாசிமணியோட அக்கராஜே சுட்டுக்கிட்டிருந்தாங்க. காராமணியை ஊறவச்சு, தோலை நீக்கி, அரைச்சு, வெங்காயம் உப்பு போட்டு நல்லா அடிச்சு, தெந்தேங்கற சிவப்புப் பனை எண்ணெய்ல பொரிக்கறாங்க. வடையேதான்! ஆனா அதை ரெண்டா பிளந்து, உள்ள தேங்காய்ப்பால் இறால் போட்ட வட்டபான்னு ஒரு கூழ், வெண்டைக்காய்க் கூட்டு, காஞ்ச இறால் எல்லாம் வச்சுத் தர்றாங்க. "கென்ச்சி?"ன்னு கேட்டாங்க. கென்ச்சின்னா சூடுன்னு படிச்சு வச்சிருந்தேன். ஆறிப்போன வடையை யாரு திம்பாங்க, ஆமான்னு தலையாட்டினேன். இங்க அதுக்குக் காரம்னு அர்த்தமாம். கண்ணு, மூக்கு எல்லாம் ஒழுக, ஆந்திரா மெஸ்ஸுக்கே சவால் விட்ட தமிழன் மானம் அன்னிக்குக் கப்பலேறிச்சு.

பின்னாடி வரிசையில நின்ன பையன் தண்ணி வாங்கிக் கொடுத்தான். இங்கிலீஷ் நல்லா பேசினான். இந்த அம்மாங்களோட பாட்டி, பூட்டிங்க அடிமைகளா இருந்தப்பவே இப்படித் தெருவுல வித்தவங்களாம். வித்த காசுல பெரும் பங்கு எஜமானுக்கு. மிச்சத்தைக் காசு காசா சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கின பெண்கள் உண்டுன்னான். பிரேசில்ல அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சதே 1888லதான்.

நான் பெருமையா கேமராவுல அந்த போட்டோவைக் காட்டினேன். பார்த்துட்டு சிரிச்சான், ஆனா முழுசா சிரிக்கலை. "பெலோரின்யோன்னா என்னன்னு தெரியுமா?"ன்னு கேட்டான். தெரியலை. சவுக்கடிக் கம்பம்னான். அடிமைகளைக் கட்டி வச்சு ஊர் பார்க்க அடிக்கற கம்பம். அந்தப் பேருதான் இந்த இடத்துக்கே நின்னு போச்சு.

மறுபடி போட்டோவைப் பார்த்தேன். கை ரெண்டும் தலைக்கு மேல சேர்ந்து இருக்கு. தங்கமணியும் பார்த்தா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை.

அன்னிக்கு செவ்வாய்க்கிழமை. மைதானத்து ஓரத்துலயே நீலமா ஒரு சர்ச் இருக்கு, கறுப்பர்களின் ஜெபமாலை மாதா கோயில். 1704ல ஆரம்பிச்சு, கறுப்பின மக்களோட சபை தங்களுக்குன்னு கட்டிக்கிட்டது. வேலை முடிஞ்சு மிஞ்சற நேரத்துல கட்டினதால முடிக்கறதுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. செவ்வாய் சாயங்காலப் பூசையில ஆப்பிரிக்க மேளம் அடிக்கறாங்க. நம்ம ஊர் திருவிழா மாதிரி மொத்தக் கூட்டமும் ஆடிப் பாடிக்கிட்டிருந்தது. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியலை. கடைசி வரைக்கும் நின்னோம்.

(தங்கம் இழைச்ச சாவோ ஃபிரான்சிஸ்கோ சர்ச்சையும் பார்த்தோம். கண்ணைப் பறிக்கற இடம். 2025 பிப்ரவரியில அதோட மேற்கூரை இடிஞ்சு ஒரு சுற்றுலாப் பயணி இறந்துட்டாங்கன்னு படிச்சப்போ, நாங்க அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்ன கூரையாச்சேன்னு பதறிப் போச்சு.)

மறுநாள் போர்ட்டோ தா பாரா பீச். ரெண்டு பக்கமும் குட்டிக் கோட்டை, நடுவுல சின்னதா ஒரு மணல் திட்டு. அலையே இல்லாத தண்ணி. கிழக்குக் கரை நாடாச்சே, சூரியன் கடல்ல எப்படி மறையும்னு யோசிச்சேன். இந்த பீச் விரிகுடா வாயில மேற்கு பார்த்து இருக்கறதால மறையுது. பாலாடைக்கட்டியைக் குச்சியில குத்தி, கையில தூக்கிட்டு வர்ற தகர அடுப்புல கண் முன்னாலயே சுட்டுத் தர்றாங்க. இளநீர் வேற. மெரினாவுல கால் நனைக்கவே பயப்படற தங்கமணி இங்க இடுப்பளவு தண்ணியில நின்னா!

1549ல முதல் கவர்னர் தோமே தெ சோசா வந்து இறங்கின கரை இதுதான்னு நினைவுச் சின்னம் வச்சிருக்காங்க. வெளிச்சம் ஆரஞ்சா மாறினப்போ கரை பூரா கேமராதான். நானும் எடுக்கலாம்னு கையில எடுத்தேன். தங்கமணி தண்ணிக்குள்ளேருந்தே கேட்டா, "ஏங்க, அந்தக் கப்பலெல்லாம் இந்த வழியாத்தானே உள்ள போயிருக்கும்?"

ஆமா. ஆப்பிரிக்காவுலேருந்து வந்த கப்பலுங்க இந்த முனையைத் தாண்டித்தான் விரிகுடாவுக்குள்ள நுழைஞ்சாகணும்.

அவ கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் வந்து துண்டு கேட்டா.

பி.கு: அந்த போட்டோவை அழிக்கலை, யாருக்கும் காட்டவும் இல்லை. அதனால இந்தப் பதிவுல படம் கேக்காதீங்க. ரிப்பன் எட்டு மாசம் கழிச்சு, பாத்திரம் தேய்க்கறப்போ அறுந்துடுச்சு. என்ன வேண்டிக்கிட்டான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறா.